நடந்து நடந்து பெருத்தவர்

அமிர்தலிங்கம் நடக்கத் தொடங்கிய பிறகுதான் பெருத்தார். அதற்கு முன்னால் அவருக்குத் தொப்பையே இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது சட்டைக்குள் அடங்கி, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராத பிள்ளை மாதிரி இருந்தது. நடக்க ஆரம்பித்த ஒரு வருஷத்துக்குள்ளேயே அது அவருக்கு முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டது. "கேட்டைத் தொறந்து முதல்ல அதுதான் உள்ள போகும், நான் பின்னாடி போவேன்" என்று அவரே பிற்பாடு சொல்லிச் சிரிப்பார். சிரிக்கிற நிலைமைக்கு வருவதற்குள் அவர் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். வேலை பார்த்ததெல்லாம் நெல் கொள்முதல் நிலையங்களில். குறுவை, சம்பா, தாளடி என்று பருவத்துக்குப் பருவம் ஊர் மாற்றிப் போடுவார்கள். விவசாயி கொண்டுவந்து கொட்டுகிற நெல் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய வேலையில் முக்கியமான பாகம். அதற்கு மிஷின் கொடுத்திருந்தார்கள். அவர் மிஷினைத் தொடுவதற்கு முன் ஒரு நெல்லை எடுத்துக் கடைவாய்ப் பல்லில் வைத்து நறுக்கென்று கடிப்பார். "இன்னொரு வெயில் காயணும்ப்பா" என்பார். மிஷினும் பெரும்பாலும் அதையே சொல்லும். அது வேறு மாதிரி சொன்ன நாட்களைப் பற்றி அவர் பேசுவதில்லை.

கொள்முதல் நிலையம் என்றால் ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு களம், ஒரு கொட்டகை, தார்ப்பாய் போர்த்திய மூட்டை அடுக்கு. பக்கத்தில் ஓட்டல் எதுவும் இருக்காது. லாரி டிரைவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் எங்கே சாப்பிடுகிறார்களோ அங்கேதான் அவரும் சாப்பிட்டார். அப்படி டெல்டா முழுக்கச் சாப்பிட்டதில் அவருக்கு ஒரு சித்தாந்தமே உண்டாகிவிட்டது: பெயர்ப்பலகை பெரிதாக இருந்தால் இட்லி சின்னதாக இருக்கும், பலகையே இல்லாத கடையில் கண்ணை மூடிக்கொண்டு உட்காரலாம்.

வீட்டில் சாப்பாடு சரியில்லை, அதனால்தான் வெளியே வாய் வைத்தேன் என்று சொல்லித் தப்பிக்க அவருக்கு வழியே கிடையாது. அவர் மனைவி சாவித்திரி திருத்துறைப்பூண்டிக்காரி. அவள் வைக்கிற வத்தக்குழம்பை மூன்றாம் நாள் சுட வைத்துச் சாப்பிடுவதற்கென்றே சொந்தக்காரர்கள் மூன்று நாள் தங்குவார்கள்.

ஓய்வு பெற்றதும் தஞ்சாவூரில் வீடு கட்டினார். தஞ்சாவூர் என்று சொல்லிக்கொள்வதே தவிர, நாஞ்சிக்கோட்டையும் தாண்டி, பைபாஸும் தாண்டி, பாதி மனையும் பாதி வயலுமாகக் கிடக்கிற பொன்னி நகர் அது. தெருவின் ஒரு பக்கம் கிரானைட் பதித்த வீடு, மறுபக்கம் நாற்றங்கால். ராத்திரி தவளை கத்துவதில் டிவி கேட்காது. பெரிய கோயில் பார்க்க வருகிறவர்கள் பஸ் ஸ்டாண்டு பக்கமே சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். இந்தப் பக்கம் சாப்பிட ஏதாவது இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. பொன்னி நகர்வாசிகளுக்கே தோன்றவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் பெங்களூரிலிருந்து வந்தால் டவுனுக்குக் காரில் போய் வரிசையில் நின்று சாப்பிட்டுவிட்டு வருவார்கள்.

இப்படி இருக்கையில் அவர் காலில் முள் குத்திய புண் ஆறவில்லை. மெயின் ரோட்டில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஜாய்ஸிடம் சாவித்திரி அவரை அழைத்துப் போனாள். ஜாய்ஸ் தரங்கம்பாடிப் பக்கத்துப் பெண், சின்ன வயசு, சிரித்துக்கொண்டே கண்டிப்பாகப் பேசுவாள். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "நல்லா சுகர் இருக்கு சார். ஸ்வீட் கூடாது, எண்ணெய்ப் பலகாரம் கூடாது, அரிசியைக் குறைங்க. தினமும் நடங்க" என்றாள்.

"அரிசியைக் குறைங்கங்கறீங்களே டாக்டரம்மா, நான் வேலை பார்த்ததே நெல்லுலதான்" என்றார் அமிர்தலிங்கம்.

"வேலை பார்த்தது போதும் சார். ரிட்டயர் ஆயிட்டீங்கல்ல?"

அன்றிலிருந்து வீட்டில் ஆட்சி மாறியது. வத்தக்குழம்பு போய் வரகரிசியும் கொள்ளும் பாகற்காயும் வந்தன. சாவித்திரியின் கை மணம் அதிலும் இருந்தது. ஆனால் பாகற்காயில் கை மணம் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்?

முதல் கொஞ்ச நாள் அவர் உண்மையிலேயே நடந்தார். இதை யாரும் நம்புவதில்லை என்பதால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண் வாங்கி அனுப்பிய வெள்ளை ஷூவைப் போட்டுக்கொண்டு, விடிகிற நேரத்தில் புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய்க் கரையில் கையை வீசி வீசி நடந்தார். எதிரே வருகிறவர்களை, 'நீயெல்லாம் எப்போ திருந்தப் போறே' என்பதுபோலப் பார்த்தார். தண்ணீர் திறந்துவிட்டிருந்த காலம். ஆறு நிறைய ஓடியது. காற்று குளிர்ந்து வந்தது. ஒரு நாள் அந்தக் காற்றோடு வேறொன்றும் வந்தது.

வெந்த உளுந்தும் அரிசியும் ஈரத்துணியும் சேர்ந்த வாசனை. அவர் கால்கள் நின்றுவிட்டன. மூங்கில் புதருக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. இரண்டு பெஞ்சு. பால்காரர்களும் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பலகை எதுவும் இல்லை. அருள்மேரி என்கிற பெண்பிள்ளை இட்லித் துணியைத் தண்ணீர் தெளித்து உரித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் பெரியநாயகசாமி பின்னால் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வாங்க சார், உக்காருங்க. எத்தனை வைக்கட்டும்?"

"இல்லம்மா, நான் சாப்பிட வரல. வாக்கிங். எனக்குச் சுகர்."

"சுகருக்கு இட்லி நல்லதுதானே சார்? ஆவியில வெந்தது. அதுல எண்ணெயா இருக்கு?"

இதற்கு என்ன பதில் என்று அவருக்குத் தெரியும். டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். ஆனால் ஒரு பெண்பிள்ளை இவ்வளவு நம்பிக்கையாகச் சொல்லும்போது மூஞ்சியில் அடித்த மாதிரி மறுத்துப் பேசுவது மரியாதையா என்று யோசித்தார். யோசித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணு வைம்மா."

அவள் வைத்தாள். அவர் இலையைப் பார்த்தார். "ஒத்தையா வைக்கக் கூடாதும்மா. ரெண்டா வை" என்றார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைகளில் அருள்மேரி பூசைக்குப் போவதற்கு முன்னால் கடப்பா வைப்பாள் என்பது அவருக்குத் தெரியாது. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சோம்பும் சேர்ந்து இளம் மஞ்சளாக ஒரு கரண்டி வந்து இட்லியின் மேல் விழுந்தது. அமிர்தலிங்கம் வாயில் வைத்தார். டாக்டர், பெண்டாட்டி, பெங்களூரில் இருக்கிற மகள், காலில் ஆறாத புண் எல்லாரும் எங்கோ தூரத்தில் போய்விட்டார்கள்.

அதன் பிறகு அவர் நடையில் ஒரு லட்சியம் வந்தது. காலையில் கரையோரம் அருள்மேரி கடை. அங்கே சாப்பிட்டது ஜீரணமாக வேண்டுமே என்று இன்னும் கொஞ்சம் நடந்தால், புதுத் தார்ச்சாலை திரும்புகிற இடத்தில் தமிழரசனின் டீக்கடை. தமிழரசன் திருவையாற்றில் ஒரு மிட்டாய்க் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். டீக்கு நடுவே ஒரு சின்ன உருளியில் அசோகா அல்வா கிளறி வைத்திருப்பான். வாழையிலைத் துண்டில் ஒரு கரண்டி வைத்தால் இலை நெய்யில் பளபளக்கும். "இது பாசிப்பருப்புங்கய்யா, பருப்புல புரோட்டீன்தான் இருக்கு" என்பான். அமிர்தலிங்கத்துக்கு விஞ்ஞானத்தில் எப்போதும் மரியாதை உண்டு.

காலை நடை மட்டும் போதவில்லை. "சாயங்காலமும் நடந்தா நல்லதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான்" என்று சாவித்திரியிடம் சொன்னார். பேப்பரில் போட்டிருந்தானோ என்னவோ, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நாகூரிலிருந்து வந்து குடியேறிய ஷம்சாத் அடுப்பைப் பற்ற வைத்திருந்தாள். வீட்டு வாசலிலேயே ஒரு சட்டி எண்ணெய். அதில் மேலே இறால் பதித்த வாடா என்கிற நாகூர் வடை மிதந்து சிவக்கும். ஷம்சாத் அதிகம் பேச மாட்டாள். "அண்ணே, சூடு" என்பாள், அவ்வளவுதான். அவர் ஊதி ஊதிச் சாப்பிடுவார்.

சாவித்திரிக்கோ பெருமை தாங்கவில்லை. அறுபது வயதுக்கு மேல் ஒரு மனுஷன் காலையும் மாலையும் இப்படி விடாமல் நடக்கிறாரே என்று தெருவே பேசியது. தெருக்கண் பட்டுவிடும் என்று வெள்ளிக்கிழமை தோறும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். அந்த உப்பும் மிளகாயும் அடுப்பில் வெடிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அமிர்தலிங்கத்துக்கு அடிவயிற்றில் ஏதோ பிசையும். அது குற்ற உணர்ச்சியா, சாயங்காலத்து வாடாவா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

ஒரே ஒரு தடவை மாட்டிக்கொள்ளப் பார்த்தார்.

"என்னங்க இது, சட்டையில எண்ணெய்க் கறை?"

"சைக்கிள் செயின் பட்டுருச்சு."

"நம்மகிட்ட ஏதுங்க சைக்கிள்?"

"நம்ம சைக்கிள்னு நான் சொன்னேனா? எதிர்ல வந்தவன் சைக்கிள்."

எதிரே வந்தவன் சைக்கிள் செயின் நெஞ்சு வரைக்கும் எப்படி ஏறும் என்று அவள் கேட்கவில்லை. கேட்காதது நம்பிக்கையால்தான் என்று நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே கொஞ்சம் கோபம் வந்தது. அன்று மாலை இரண்டு வாடாவோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் ஜாய்ஸ் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

"நடக்கறீங்களா சார்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் சாவித்திரி முந்திக்கொண்டாள். "காலையும் சாயங்காலமும் டாக்டரம்மா! மழை பெஞ்சாக்கூட குடையப் புடிச்சுக்கிட்டுக் கெளம்பிடுறாரு."

மழை நாளில் ஷம்சாத் வாடாவோடு இஞ்சிச் சட்னியும் வைப்பாள்.

"நடக்க நடக்க ஏறுது. நான் படிச்ச புஸ்தகத்துல இப்படி ஒண்ணு இல்லையே சார்" என்றாள் டாக்டர். நிஜமாகவே கவலைப்பட்டாள். அவருக்காகப் பெரிய டாக்டர்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அமிர்தலிங்கம் நாற்காலியில் நெளிந்தார். தன்னால் வைத்திய சாஸ்திரத்துக்கே ஒரு சிக்கல் வந்திருக்கிறது என்று தெரிந்தும் வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாவித்திரி ராத்திரிச் சாப்பாட்டை ஒரு கிண்ணம் வெள்ளரிக்காயாகக் குறைத்தாள். வெள்ளரிக்காயைத் தின்றுவிட்டுப் படுத்தவருக்கு விடியும்போது கொலைப் பசி எடுத்தது. அருள்மேரி கடையில் நாலு என்பது ஆறாயிற்று. சுகர் ஏற ஏற சாப்பாடு குறைந்தது. சாப்பாடு குறையக் குறைய சுகர் ஏறியது. செக்கு மாடு சுற்றுகிற மாதிரி அவர் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு சுற்றினார்.

தை நெருங்கியது. காணும் பொங்கலுக்கு நகர் நலச் சங்கத்தில் விழா வைத்தார்கள். சங்கச் செயலாளர் சிங்காரவேலு மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எதிலும் ஒரு வெளிச்சம் போட்டுப் பார்க்கிற ஆள். ஒரு நாள் வீட்டுக்கே வந்து, "இந்த வருஷம் உங்களுக்கு 'நடைச் செம்மல்'னு ஒரு பட்டம் குடுக்கறதா கமிட்டில முடிவாயிருக்கு சார்" என்றார்.

"எனக்கா? வேணாங்க. வேற யாராவது தகுதியானவங்களுக்கு..."

"பார்த்தீங்களாம்மா, இந்த அடக்கம்தான்!" என்று சிங்காரவேலு சாவித்திரியைப் பார்த்துக் கண் கலங்கினார். "நம்ம நகர்ல ஒரு முன்மாதிரி இருக்காருன்னு சொல்லி டாக்டர் ஜாய்ஸைத்தான் கேடயம் குடுக்கக் கூப்பிட்டிருக்கோம். இன்னொரு விஷயம் சார். இந்தத் தடவை டவுன்லேருந்து கேட்டரிங் வேணாம்னு சொல்லிட்டேன். நம்ம ஏரியாவுலயே வெளியில தெரியாம நல்லா பண்றவங்க இருக்காங்களாம். விசாரிச்சு அவங்களையே ஸ்டால் போடச் சொல்லியிருக்கேன்."

அமிர்தலிங்கம் எழுந்து நின்றுவிட்டார். "யாரு யாருங்க?"

"ஆத்தங்கரையில அருள்மேரின்னு ஒரு அம்மா. அப்பறம் டீக்கடை தமிழரசன். கேட்டுக்குப் பக்கத்துல ஒரு பாய் வீட்டு அம்மா, வாடா போடுதாம். நீங்கதான் அந்தப் பக்கமெல்லாம் நடக்கறீங்களே, பார்த்திருப்பீங்க."

"தூரத்துலேருந்து" என்றார் அமிர்தலிங்கம்.

விழாவுக்கு முந்தின நாள், "என்னைத் தெரிஞ்சதா காட்டிக்காதீங்க" என்று சொல்லி வைக்கலாம் என்று ஒவ்வொரு கடைக்கும் போனார். அருள்மேரி ஆவி பறக்க இட்லியை இலையில் வைத்தாள். தமிழரசன் புது அசோகாவை முதலில் அவருக்குத்தான் கொடுத்தான். இத்தனை அன்பாகக் கொடுக்கிறவர்களிடம் 'உங்களை எனக்குத் தெரியாது' என்று எப்படிச் சொல்வது? சொல்லப் போனவர் சாப்பிட்டுவிட்டு வந்தார். அடுத்த நாள் காய்ச்சல் வந்துவிடும் என்று நம்பிப் படுத்தார். காய்ச்சல் வரவில்லை. சாவித்திரி பட்டு வேட்டியை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

மைதானத்தில் பந்தல். முன் வரிசையில் சாவித்திரி. மேடையில் டாக்டர் ஜாய்ஸ், கையில் கேடயத்தோடு. ஓரத்தில் மூன்று ஸ்டால்களிலும் கூட்டம் மொய்த்தது. சிங்காரவேலு மைக்கில் அரைமணி நேரம் நடையின் பெருமையைப் பேசிவிட்டு, அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை.

"சாரைத் தினமும் ஆத்தங்கரையில பார்க்கறவங்க நீங்கதான். வாங்கம்மா, சாரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று அருள்மேரியைக் கூப்பிட்டுவிட்டார்.

அருள்மேரி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மேடையேறினாள். முதல் தடவை மைக் பிடிக்கிறவளின் கூச்சம் இருந்தது. ஆனால் சொல்வதற்கு அவளிடம் விஷயமும் இருந்தது.

"எல்லாருக்கும் வணக்கங்க. எங்க கடைக்கு ஒரு போர்டு கூட கெடையாது. இந்த நகர்லேருந்து யாரும் எங்க பெஞ்சுல வந்து ஒக்காந்ததும் கெடையாது. சார் ஒருத்தர்தான் தவறாம வருவாரு. மொத ஈடு சாருக்குத்தான். ஆறு இட்லி சாப்பிட்டுட்டு, 'இன்னிக்கு நல்லாருக்கு அருள்மேரி'ன்னு வாயால சொல்லிட்டுத்தான் எந்திரிப்பாரு. அவரு நல்லாருக்கணும்னு நான் வேளாங்கண்ணி மாதாகிட்ட வேண்டிக்கிறேங்க."

அவள் மைக்கைக் கொடுப்பதற்குள் ஓரத்து ஸ்டாலில் இருந்து தமிழரசன் ஆர்வம் தாங்காமல் கத்தினான்: "அங்கேருந்து ஐயா நேரா நம்ம கடைக்குத்தாங்க வருவாரு! அசோகான்னா ஐயாவுக்கு உசுரு!"

இதுவரை யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியறியாத ஷம்சாத்தும் தன் பங்குக்கு விட்டுக்கொடுக்கவில்லை. "சாயங்காலம் எங்க வாசல்லதான் அண்ணன் நிப்பாங்க" என்றாள், சத்தமாக.

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. அப்புறம் பந்தலே சிரித்தது. சிங்காரவேலு மைக்கை எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல் நின்றார். டாக்டர் ஜாய்ஸ் கேடயத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள். ஒரு வழியாக அடக்கிக்கொண்டு, "உங்களுக்கு மாத்திரையை மாத்தணும்னு ரொம்ப நாளா மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன் சார். மாத்த வேண்டியது ரூட்டைன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள்.

நன்றி சொல்லும்படி மைக்கை அவர் கையில் திணித்தார்கள். அமிர்தலிங்கம் தயாரித்து வைத்திருந்த பேச்சு நடைப்பயிற்சியால் மனிதனுக்கு வரும் மனக்கட்டுப்பாட்டைப் பற்றியது. அதில் ஒரு வரி கூட இப்போது உதவாது. முன் வரிசையைப் பார்த்தார். பந்தலில் சிரிக்காமல் இருந்தது சாவித்திரி ஒருத்திதான்.

"நடந்தது உண்மைங்க" என்றார்.

அதற்கு எழுந்த சிரிப்பும் கைத்தட்டலும் பைபாஸ் வரைக்கும் கேட்டிருக்கும். கேடயத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது சாவித்திரி பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. திட்டினால் பதிலுக்கு ஏதாவது பொய் சொல்லலாம். பேசாமல் இருப்பவளிடம் என்ன பொய்யைச் சொல்வது? வெள்ளரிக்காய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு அவள் போய்ப் படுத்தாள். அவர் ஒரு துண்டு கூட விடாமல் தின்றார்.

விடிந்ததும் அவள் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். "வண்டிய எடுங்க."

"எங்க?"

"நீங்க நடக்கற எடத்துக்கு."

டிவிஎஸ் வண்டியில் பின்னால் அவள் உட்கார, ஆற்றங்கரைக்கு ஓட்டிப் போனார். கொட்டகை முன் இறங்கிய சாவித்திரி நேரே அடுப்பண்டை போனாள். "இந்தாம்மா அருள்மேரி, நீ நல்ல பொண்ணு, உன் மேல எனக்குக் கோவமில்ல. இவருக்குச் சுகர் இருக்கு. இனிமே இவருக்கு ஒரு இட்லி குடுத்தாலும் எனக்கும் உனக்கும் சண்டைதான், சொல்லிட்டேன்."

அருள்மேரிக்கு முகம் சுண்டிவிட்டது. "ஐயோ, நான்தான் நல்லதுன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தேன். மன்னிச்சிருங்கக்கா. இனிமே தண்ணி மட்டுந்தான் குடுப்பேன். ஆனா நீங்க மொத மொதல்ல வந்திருக்கீங்க. ஒரு வாய் சாப்பிடாம போனா எனக்கு மனசு ஆறாது."

"வேணாம்மா. மத்த கடைக்கும் போகணும்."

"ரெண்டே ரெண்டு. ஞாயித்துக்கிழமைதான் கடப்பா வைப்பேன். பண்டிகைக்கு வந்த கூட்டம் இன்னும் போகலைன்னு இன்னிக்கும் வச்சிருக்கேங்கக்கா."

சாவித்திரி தயங்கினாள். பெஞ்சின் நுனியில், எந்த நேரமும் எழுந்துவிடுகிற மாதிரி உட்கார்ந்தாள். பெரியநாயகசாமி தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அருள்மேரி இலையை விரித்து, இட்லி வைத்து, கடப்பாவை ஊற்றிவிட்டு, விசிறிக்கொண்டே பக்கத்தில் நின்றாள். சாவித்திரி ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தாள். ஏதாவது குறை சொல்வாள் என்று அமிர்தலிங்கம் காத்திருந்தார். அவள் பெஞ்சில் நன்றாக நகர்ந்து, சாய்ந்து உட்கார்ந்தாள்.

"கசகசா அரைச்சு விட்டிருக்கியா?"

"ஆமாங்கக்கா. கொஞ்சமா."

"அதான். இன்னும் ரெண்டு வை."

அமிர்தலிங்கம் வண்டியில் சாய்ந்துகொண்டு அதைப் பார்த்தார். தமாஷாகத்தான் இருந்தது முதலில். பிறகு அவருக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் சாவித்திரி ஒரு கடையில் இப்படி உட்கார்ந்து, யாரோ பரிமாற, சூடாகச் சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை. மகள் வந்தால் டவுன் ஓட்டலுக்குப் போவார்கள். அங்கேயும் பேரப்பிள்ளைக்கு ஊட்டிவிட்டுக் கடைசியில் ஆறிப்போனதைத்தான் அவள் சாப்பிடுவாள். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு அடுக்களையிலேயே நின்றபடி முடித்துக்கொள்வாள். அவர் டெல்டா முழுக்க எத்தனை பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்! அவற்றில் ஒன்றில் கூட 'நீயும் வா' என்று அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்ததில்லை. இட்லியைப் பற்றிச் சித்தாந்தம் பேசத் தெரிந்த மூளைக்கு இது எட்டாமல் போனதை நினைத்து, ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

தமிழரசன் கடையிலும் அதே கதைதான். தடை உத்தரவு போடப் போனவள், உத்தரவைப் போட்டுவிட்டு அசோகாவைச் சுவைத்துப் பார்த்தாள். சாயங்காலம் ஷம்சாத் வீட்டுக்குப் போனாள். இரண்டு பேரும் வாசல்படியில் உட்கார்ந்து வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோடும் பேசாத ஷம்சாத்துக்கு இவளிடம் மட்டும் அத்தனை பேச எங்கிருந்து வந்தது என்று வண்டியோடு நின்றிருந்தவருக்கு ஆச்சரியம். திரும்பி வரும்போது சாவித்திரி பின்னால் இருந்து, "உள்ளுக்கு வெங்காயத்தோட இறாலையும் கொஞ்சம் நறுக்கிப் போட்டிருக்கா. மேல ஒண்ணு பதிச்சிருக்கா. கடிச்சா மொறுமொறுன்னு இருக்கு, உள்ள பஞ்சு மாதிரி" என்றாள். விழாவுக்குப் பிறகு அவரோடு அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"தெரியும்" என்றார் அவர், சின்னக் குரலில்.

"தெரியாம இருந்தாத்தான் அதிசயம்."

இப்படித்தான் வழக்கம் மாறியது. இப்போது காலையில் அவர் வண்டியில் சாவித்திரியைக் கூட்டிப் போய்க் கடையில் விடுகிறார். அவள் சாப்பிட்டு, அருள்மேரியோடு பேசி முடிக்கும்வரை கரையில் நடக்கிறார். வேறு வழி இல்லாததால் நிஜமாகவே நடக்கிறார். கேடயம் வாங்கியவர் என்று ஊரே கண்காணிப்பதால், வழியில் ஒரு வறுத்த கடலை கூட அவர் கைக்குக் கிடைப்பதில்லை. சுகர் இறங்கிவிட்டது. புஸ்தகத்தில் உள்ளபடி இறங்குகிறது என்று டாக்டர் ஜாய்ஸ் நிம்மதியாகச் சொன்னாள்.

சாவித்திரி மூன்று கடையோடு நிற்கவில்லை. வல்லம் பக்கம் ஒரு வீட்டில் வெள்ளையப்பம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் உளுந்தங்களி விற்கிற ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தாள். அவர் மாதக்கணக்காக நடந்தும் கண்டுபிடிக்காத இடங்கள். தெருப் பெண்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவளிடம் வந்து, "அக்கா, எங்க கூட்டிட்டுப் போகலாம்?" என்று கேட்கிறார்கள். நகரில் அவருக்கு இப்போது பெயர், 'சாவித்திரியக்கா வீட்டுக்காரர்'. சாப்பிட்டதையெல்லாம் அவள் திரும்பும் வழியில் பின்னால் உட்கார்ந்து விவரமாகச் சொல்லுவாள். காதால் கேட்பதற்கு டாக்டர் தடை போடவில்லை. ஒரு வார்த்தை விட்டுப்போகக் கூடாதென்று வண்டியை மெதுவாகத்தான் ஓட்டுகிறார்.

போன வாரம் ஒரத்தநாடு ரோட்டில் ஒரு வீட்டுக்குப் போனார்கள். மதியம் மட்டும் மீன்குழம்புச் சாப்பாடு போடுகிற இடம். முன்பக்கம் தென்னங்கீற்றுப் பந்தல், உள்ளே நாலு இலை போடுகிற இடம், அவ்வளவுதான். சாவித்திரி உள்ளே போனாள். அவர் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டும் கையுமாக நின்றார். வீட்டுக்காரர் வெளியே வந்தார்.

"நீங்க உள்ள வரலையா சார்?"

"இல்லைங்க. நான் சும்மா கூட்டிட்டு வந்தவன்."

"ஓ, டிரைவரா?" அவர் முகம் மலர்ந்தது. "அப்ப வாங்க, வாங்க. பார்ட்டியக் கூட்டிட்டு வர்ற டிரைவருக்குச் சாப்பாடு நம்ம கணக்கு. உக்காருங்க, வவ்வால் மீனு இருக்கு."

அமிர்தலிங்கத்தின் கால் ஒன்று அவரைக் கேட்காமலே முன்னால் போய்விட்டது. உள்ளே இருந்து சாவித்திரியின் குரல் வந்தது. இலையிலிருந்து தலையைக்கூட அவள் தூக்கவில்லை.

"அந்த டிரைவருக்கு ஒரு டம்ளர் மோர் போதுங்க. உப்புக் கம்மியா."

மோர் வந்தது. கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டு, பச்சை மிளகாயின் வாசனையோடு. மரத்தடியில் உட்கார்ந்து ஒரு மடக்குக் குடித்தார். புளிப்பு சரியாக நின்றது. பிரமாதமான மோர். டம்ளரை நீட்டி, "இன்னொரு டம்ளர் கிடைக்குமாங்க?" என்று கேட்டார், உள்ளே கேட்காதபடி.